வாத்தியார் கையில் எரிந்த கற்பூரம்

போன ஆடி மாதம் ரேவதி போன் செய்தாள். நான் விட்டுவந்த பம்பை உடுக்கை செட்டை இப்போது அவள்தான் நடத்துகிறாள். ஆடி பிறந்தால் அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு கிடையாது. பெங்களூரில் தமிழ்க்காரர்கள் குடியிருக்கிற தெரு என்றால் அங்கே ஒரு அம்மன் கோயில் இருக்கும். அம்மன் இருந்தால் கரகம் ஜோடிக்க வேண்டும், கதை பாட வேண்டும், கூழ் ஊற்ற வேண்டும்.

"அக்கா, ஒரு கமிட்டியில கண்டிஷன் போட்றாங்க" என்றாள். "நாம பாட்டு மட்டும் பாடணுமாம். யாருக்காவது சாமி வந்துட்டா கேள்வி கேக்கக் கூடாதாம். மைக்க ஆஃப் பண்ணிட்டு அவங்களே ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்குவாங்களாம். சரின்னு சொல்லிடட்டா?"

சாமி வந்தவர்களிடம் கேள்வி கேட்கப் போய் எத்தனையோ வம்பு நடந்திருக்கிறது. அதனால் கமிட்டி சொல்வதில் தப்பில்லை என்றுதான் முதலில் எனக்கும் பட்டது. ஆனால் 'சரி' என்ற வார்த்தை வாயில் வரவில்லை. ஈஜிபுராவில் நடந்தது கண் முன்னால் வந்து நின்றுவிட்டது. "அப்புறம் பேசறேன்டி" என்று போனை வைத்தேன். அவளிடம் சொல்ல முடியாமல் போனதைத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் கன்னியம்மா. போளூர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் வாரநாளில் பெயிண்டர், ஆடி மாதத்தில் பம்பைக்காரர். செட்டில் கைச்சிலம்பு ஆட்டிக்கொண்டு பின்பாட்டு பாடுகிறவர் ஒரு வருஷம் காமாலையில் படுத்துவிட்டார். செட்டுக்குத் தலைவர் ஏழுமலை வாத்தியார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நீ பாத்திரம் தேய்க்கறப்போ அடி பிசகாம முணுமுணுக்கறது தெருவுக்கே கேக்குது. ஞாயித்துக்கிழமை வந்துடு" என்றார். பொம்பளை சிலம்பு தூக்குவதா என்று தெருவில் பேசியதை எல்லாம் விட்டுவிடுகிறேன். இரண்டு ஆடி போவதற்குள் கதை முழுவதும் எனக்கு வாயில் நின்றுவிட்டது.

வாத்தியார் மில்லில் வேலை பார்த்து, மில் மூடியதும் இதே தொழிலாக இருந்தவர். ஒல்லியான உடம்பு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தப்பாகத் தாளம் விழுந்தால் திட்டமாட்டார். பாட்டை அப்படியே நிறுத்திவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குத் திட்டே தேவலை என்று இருக்கும். பாடுவதற்கு முன் எதுவும் சாப்பிடமாட்டார், கரகம் கோயிலுக்குள் போய் இறங்கிய பிறகு முதல் கூழ் அவருக்கு. பொய் என்றால் அவருக்கு ஆகாது. அதனால்தான் இந்த ஊரில் இத்தனை கோயில்களில் அவர் சொன்னதே தீர்ப்பாக இருந்தது.

எதற்குத் தீர்ப்பு என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஊர்ப்பக்கம் கரகத்தை ஆற்றங்கரையில் ஜோடிப்பார்கள். இங்கே ஆறு ஏது? போர்வெல் குழாயடிதான் எங்களுக்குக் கங்கை. செம்பைக் கழுவி, நூல் சுற்றி, மஞ்சள் பூசி, வேப்பிலையும் பூவும் கட்டி, உச்சியில் எலுமிச்சம்பழம் குத்தி, பரப்பிய அரிசியின் மேல் வைக்க வேண்டும். ஜோடிக்க ஜோடிக்க வாத்தியார் உடுக்கையை எடுத்து அம்மனைத் தலை முதல் கால் வரை வர்ணித்துப் பாடுவார். பிறகு அவள் கதை. பெற்ற மகனே அப்பன் சொல் கேட்டுத் தாயின் தலையை வெட்டுகிற கட்டம் வரும். அந்த இடத்தில் உடுக்கையும் பம்பையும் சட்டென்று நிற்கும். கூட்டத்தில் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. அப்புறம் சிலம்பு மட்டும் மெல்ல ஆரம்பிக்கும். அது என் வேலை. பெரும்பாலும் அப்போதுதான் யாருக்காவது அருள் வரும்.

வந்தால் வாத்தியார் பாட்டாலேயே கேட்பார். வந்தது யார்? எந்த எல்லையிலிருந்து வந்தாய்? என்ன குறை? என்ன வேண்டும்? சொல்கிற குறையைக் கோயில் தீர்த்து வைத்து, அம்மன் உத்தரவு கொடுத்த பிறகுதான் கரகத்தைத் தலைக்குத் தூக்கலாம். கரகம் புறப்படாமல் கூழும் இல்லை, திருவிழாவும் இல்லை. வந்தது சாமிதானா என்று சந்தேகம் வந்தால், அருள் வந்தவர் உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றி வைப்பார்கள். சாமிக்குச் சுடாது என்பது நம்பிக்கை.

ஸ்ரீராம்புரத்தில் ஒரு ஆள் வருஷா வருஷம் சாமியாடி, பிரியாணியும் குவார்ட்டரும் கேட்பார். வாத்தியார் மடியிலிருந்து கற்பூர டப்பாவை வெளியே எடுப்பார், அவ்வளவுதான். "தாயே மலையேறு" என்று பாட்டையும் அப்போதே இறக்கிவிடுவார். அந்த ஆளும் உடனே தொப்பென்று விழுந்துவிடுவார். "சாமி மலையேறிடுச்சு. அவருக்குத் தண்ணி குடுங்க" என்று சொல்லித் தன் துண்டாலேயே முகம் துடைத்துவிடுவார் வாத்தியார். சிரிக்கமாட்டார், பிறகு எங்களிடம்கூட அதைப் பேசமாட்டார். கன்னடக்கார அம்மாள் ஒருத்திக்கு அருள் வந்தபோது "யாரம்மா பந்திரோது?" என்று கன்னடத்திலேயே மெட்டு மாற்றி, வந்தது யார் என்று கேட்டார். அந்த அம்மாள் கன்னடத்தில் பதில் சொன்னதும் தமிழ்க்காரர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இனி ஈஜிபுரா.

அந்தக் கோயில் கமிட்டித் தலைவர் கஜேந்திரன் என்பவர். தெருமுனையில் பெரிய இஸ்திரிக் கடை வைத்திருந்தார். ஒரே மகன் கடையில் கூட இருந்தான். மருமகள் பெயர் அமுதா, கல்யாணமாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. காலையில் எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். புழுக்கமான நாளில் முழங்கை வரை நீண்ட ஜாக்கெட் போட்டு, முந்தானையைத் தோள் சுற்றிப் போர்த்தியிருந்தாள். நான் கவனித்தேன், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை.

குழாயடியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. கதை அந்தக் கட்டத்துக்கு வந்தது. பாட்டில் மகன் அரிவாளை எடுத்தான். உடுக்கை நின்றது, பம்பை நின்றது. நான் சிலம்பை அசைக்கக் கையைத் தூக்கினேன்.

"எரியுது!"

அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெண்கள் கூட்டத்தின் நடுவில் அமுதா நின்றுகொண்டிருந்தாள். கூந்தல் அவிழ்ந்திருந்தது. "எரியுது, எரியுது" என்று கத்திக்கொண்டே முன்னால் வந்தாள்.

அம்மன் என்றாலே சூடு. எரிகிறது என்று சாமி சொன்னால் குளிர வைக்க வேண்டும். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அவள் தலையில் ஊற்றினார்கள். இன்னொரு குடம், இன்னொரு குடம். அவள் எரியுது என்று கத்தக் கத்தக் குலவைச் சத்தம் ஏறியது. நனைந்த பெண்ணின் மேல் மஞ்சள் துணி கட்டிவிடுவது செட்டில் இருக்கிற பொம்பளை என்ற முறையில் என் வேலை. துணியை எடுத்துக்கொண்டு அவள் முதுகுப்பக்கம் போனேன். நனைந்த ஜாக்கெட் தோளிலிருந்து நழுவியிருந்தது.

உள்ளே முதுகில் ஒரு காயம். மேலே கூர்மையாகவும் கீழே அகலமாகவும், இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகத்தை அப்படியே அச்செடுத்தது போல இருந்தது. தோல் உரிந்து சிவந்து, அதன் மேல் மஞ்சள் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அதே வடிவத்தில் ஆறிக் கறுத்துப்போன இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்றின் முனை தெரிந்தது.

என் கையிலிருந்த சிலம்பு எப்போது கீழே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. பித்தளை தரையில் மோதிய சத்தம் கேட்டுத்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன் என்பதே புரிந்தது. துணியால் அவளைச் சுற்றி மூடினேன். வாத்தியார் காதுக்கருகில் போய், "வாத்தியாரே, இது சாமி இல்ல. அந்தப் பொண்ணுதான் கத்துது. முதுகுல இஸ்திரிப் பெட்டி வெச்சுச் சுட்டிருக்காங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உடுக்கையை எடுத்து மெல்லத் தட்டினார். கேட்கத் தொடங்கினார்.

"எங்க எரியுது தாயே?"

"முதுகுல."

"யாரு வெச்ச தீ தாயே?"

அமுதா கையை நீட்டினாள். ஆண்கள் வரிசையில் புது வேட்டி கட்டி நின்றிருந்த அவள் புருஷனிடம் போய் நின்றது அந்த விரல்.

குலவை நின்றுவிட்டது. கஜேந்திரன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "வாத்தியாரே, இது சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. சும்னே நாடகம். இல்லாட்டி ஏதாவது பேய் புடிச்சிருக்கும். வேப்பங்கொம்ப எடுத்து நாலு போட்டா எறங்கிடும். நீங்க கரகத்த எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

"கற்பூரம் வெச்சுப் பாத்துடலாம்" என்றது ஒரு குரல். "ஆமா, கையில ஏத்துங்க. தெரிஞ்சுடும்" என்று இன்னும் பல குரல்கள்.

வாத்தியார் மடியிலிருந்து கற்பூர டப்பாவை எடுத்தார். முதுகு வெந்து நிற்கிற பெண்ணின் கையில் மறுபடி நெருப்பா? "வேணாம் வாத்தியாரே" என்று அவர் கையைப் பிடித்தேன். இத்தனை வருஷத்தில் நான் அவர் கையைத் தொட்டது அன்றுதான். அவர் உடுக்கையை என் கையில் கொடுத்தார். "நீ அடி" என்றார்.

கற்பூரத்தைத் தன் வலது உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பம்பையோடு நின்றிருந்த என் வீட்டுக்காரரிடம், "பத்த வை" என்றார்.

"தாயி ஏற்கெனவே சூடு பட்டு வந்து நிக்கிறா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "அவளுக்கு இன்னொரு சூடு எதுக்கு? அவளுக்காக நான் ஏந்தறேன். வந்தது சாமி இல்லேன்னா என் கை வேகட்டும்."

நான் உடுக்கையைத் தட்டிக்கொண்டிருந்தேன். என்ன தாளம் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கற்பூரம் பெரிய கட்டி. அது கொழுந்துவிட்டு எரிந்து, சுருங்கி, நீல நிறமாகி அணைகிற வரை அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அணைந்ததும் கையை மூடிக்கொண்டார். மூடிய கையை உயர்த்தி, "சாமிதான்" என்றார். கூட்டம் மொத்தமும் கையெடுத்துக் கும்பிட்டது. அந்தக் கையைத் திறந்து காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னால் போதும் அவர்களுக்கு.

"என்ன வேணும் தாயே?"

"அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். எங்கம்மா வீட்டுக்கு அனுப்பு."

"அம்மன் வாக்கு கேட்டீங்க இல்ல?" என்றார் வாத்தியார். "இவளத் தாய்வீட்டுக்கு அனுப்பாம கரகம் நகராது."

கஜேந்திரன் கத்தினார், கெஞ்சினார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொன்னார். வெயில் ஏறியது. அண்டாவில் கூழ் காத்துக்கொண்டிருந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்த பெண்களே கடைசியில், "சாமி சொன்னப்புறம் இன்னா பேச்சு? ஆட்டோ கூப்புடுங்க" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். தெருப் பெண்கள் இரண்டு பேர் அமுதாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சந்தாபுராவில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் கரகம் எழுந்தது. ஊர்வலம் முழுக்க உடுக்கை அடித்தது நான். வாத்தியார் மூடிய கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே நடந்தார். கோயிலுக்குப் பின்னால் போனதும் துண்டை விலக்கிக் காட்டினார். உள்ளங்கை வெந்து கொப்புளம் கட்டியிருந்தது.

"வாத்தியாரே…"

"யாருகிட்டயும் சொல்லாத" என்றார். அன்று அவர் கூழ் குடிக்கவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலமே சந்தாபுராவுக்குப் பஸ் ஏறினேன். வீட்டைக் கண்டுபிடித்துப் போனால், அமுதா வாசற்படிக்கு வெளியே மஞ்சள் துணியோடு உட்கார்ந்திருக்கிறாள். கூட வந்த பெண்கள் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். அவள் அம்மா பாதிக் கதவைத் திறந்தார்.

"இவளுக்கு அடுத்து ஒருத்தி கல்யாணத்துக்கு நிக்கிறாம்மா" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். "வாழாம வந்தவளையும் சாமி வந்தவளையும் உள்ள வெச்சுக்கிட்டா அவளை யாரு கட்டுவா? சாமி சொல்லுச்சுன்னா சாமியே பாத்துக்கட்டும்."

"முதுக ஒரு தடவ பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன்" என்றார். கதவு மூடிக்கொண்டது.

காலையில் அந்தக் காயத்தைப் பார்த்தபோது பட்ட அதிர்ச்சியைவிட இது பெரிது. பார்க்காமல் கதவைச் சாத்தியிருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் நானும் அவள் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு, "எழுந்திரு, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்றேன். அவள் எதுவும் கேட்காமல் எழுந்து வந்தாள்.

மறுநாள் வாத்தியாரே எங்களோடு அரசு ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கும் வந்தார். "சாமி சொன்னத எழுத மாட்டாங்க. நீ உன் கண்ணால பாத்தத சொல்லு" என்று என்னிடம் சொன்னார். சொன்னேன். வழக்கு ஆயிற்று.

வழக்கு நகர்ந்து சாட்சி விசாரணைக்கு வந்தபோது அமுதா பீன்யா பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தாள். தங்கியிருந்தது எங்களோடுதான். எதிர்த்தரப்பு லாயர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். இந்தப் பெண்ணுக்குச் சாமி வரும். அருள் வந்து தீச்சட்டி எடுத்தபோது அதன் மேலேயே விழுந்து பட்ட காயம் இது. புருஷன் மேல் குற்றம் சொன்னது இவள் இல்லை, இவள் மேல் வந்த சாமி. அதைச் சாமிதான் என்று ஊர் முன்னால் கற்பூரம் ஏந்திச் சொன்னவர் இந்தப் பெரியவரே. அவர் அதைக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டால் போதும், அவள் சொன்ன ஒரு வார்த்தையும் அவளுடையது இல்லை என்று ஆகிவிடும்.

இல்லை என்று சொன்னால் வாத்தியார் என்ன ஆவார்? கஜேந்திரனும் கமிட்டி ஆட்களும் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு மேல சாமி வந்துதா, இல்லியா?" என்று லாயர் கேட்டார்.

தாளம் தப்பினால் எங்களைப் பார்ப்பாரே, அப்படி லாயரையே பார்த்தார் வாத்தியார்.

"சாமி வரலைங்க" என்றார். "அந்தப் பொண்ணு தன் வாயால, தன் புத்தியோட பேசுச்சு. சாமின்னு சொன்னது நான்தான். அது நான் சொன்ன பொய்."

உள்ளங்கையை விரித்து ஜட்ஜ் பக்கம் காட்டினார். தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. "சாமியா இருந்தா இது வெந்திருக்காதுங்க."

பெஞ்சில் ஒருவர் எழுந்து, "அடப்பாவி, சாமி பேர்ல பொய்யா?" என்று கத்தினார். போலீஸ்காரர் அவரை வெளியே கொண்டுபோனார். ஊரே நம்பிய ஒரு மனிதர் தன் பெயரைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டதை நான் பார்த்தேன்.

என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். புருஷனுக்குத் தண்டனை கிடைத்தது. மேல்கோர்ட்டில் அது குறைந்தது, ஆனால் போகவில்லை. அமுதா இன்று அதே கார்மெண்ட்ஸில் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். தங்கை கல்யாணத்துக்குக்கூட அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. வாத்தியாரை அதற்குப் பிறகு எந்தக் கோயிலும் கூப்பிடவில்லை. ஸ்ரீராம்புரத்தில், அவர் பிறந்து வளர்ந்த தெருக் கோயிலில்கூட, "நீங்க வேணாம், கன்னியம்மா வந்து பாடட்டும்" என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். "கத நிக்கக் கூடாது, போ" என்று அனுப்பிவைத்தவர் அவர்தான். நான் பாடுகிறபோது சாலைக்கு எதிர்ப்பக்கம், ஒரு கடை ஓரமாக நின்று கேட்பார். கடைசி வரை அப்படித்தான்.

ஆனால் என்னை இன்னும் விடாமல் பிடித்து உலுக்குவது இது எதுவும் இல்லை. சாட்சி சொன்ன அன்று கோர்ட்டுக்கு வெளியே நடந்ததுதான்.

மூன்று பேரும் மரத்தடிக்கு வந்தோம். அமுதா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். "ஏன் அப்படிச் சொன்னீங்க வாத்தியாரே?" என்றாள்.

"வேற எப்படிச் சொல்றது கண்ணு? நீ பேசினது உன் பேச்சுன்னு ஆவணும் இல்ல?"

"இல்ல" என்றாள் அவள். "நான் பேசல. எனக்கு அன்னிக்கு நெஜமாவே வந்துச்சு. நீங்க பாடிட்டு இருந்தது தெரியும். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஆட்டோவுல போறப்போதான் கண்ணு முழிச்சேன். நான் என்னா சொன்னேன்னு ஸ்டேஷன்ல இந்தக் கன்னியம்மா அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். அவர எதிர்த்து விரல் நீட்ட எனக்கு ஏது தைரியம்? கோர்ட்டுக்குள்ள கேட்டப்போ எல்லாம் நெனப்பு இருக்குன்னு சொன்னேன். நம்ம பக்கத்து லாயரம்மா அப்படிச் சொல்லச் சொன்னாங்க."

அன்று அவர் காதில் 'இது சாமி இல்ல' என்று சொன்னவள் நான். அத்தனை உறுதியாகச் சொன்னவள் நான்.

வாத்தியார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கறுப்புக் கோட்டுகள் போய்வந்துகொண்டிருந்த அந்த இடத்தில், அந்த மண்ணில், நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தார்.

"ஐயோ, என்னா பண்றீங்க, எழுந்திருங்க" என்று அமுதா பதறிப் பின்னால் நகர்ந்தாள். போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவர் உடனே எழவில்லை. நெற்றியை மண்ணில் வைத்தபடி கொஞ்ச நேரம் கிடந்தார். அப்புறம் கையை ஊன்றி எழுந்து, நெற்றி மண்ணைத் துடைக்காமலே, "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று முன்னால் நடந்தார்.